கன்ட்ரி இசையில் மாறும் போக்குகளும் அசலுக்குத் திரும்புதலும்

கன்ட்ரி இசை என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், 1920களில் இசைத்தட்டு, வானொலி ஆகியவற்றின் வழியாக உருப்பெற்ற வெகுமக்கள் இசை வடிவமாகும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரம் இதன் தொழில் மையமாக விளங்குகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கொண்ட இதன் வரலாற்றில் ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப ஒலித்து வந்துள்ளது. 'இன்று வானொலியில் வருவது கன்ட்ரியே அல்ல, பழைய அசல் எங்கே?' என்பதே அது. இக்குற்றச்சாட்டு வலுக்கும்போதெல்லாம் ஒரு புதிய தலைமுறை தோன்றி, அசலுக்குத் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டது. இத்தகைய திரும்புதல்களில் அண்மையது 2013 அளவில் தொடங்கி இன்றுவரை நீள்கிறது.

இவர்கள் எதற்குத் திரும்புகிறார்கள் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. கன்ட்ரி இசையின் அசல் என்பது எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருந்து, போய் எடுத்துவரக்கூடிய பொருளன்று. அது தொடக்கம் முதலே தேர்ந்தெடுக்கப்பட்டும் தொகுக்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்த ஒன்று. ஆகவே ஒரு பாடகர் தொப்பி அணிந்திருக்கிறாரா, பாடலில் பிடில் ஒலிக்கிறதா என்பதைக் கொண்டு அசலை அளந்துவிட முடியாது. பாட்டைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார்கள், பாட்டு யாருடைய வாழ்க்கையை நெருங்கி அறிந்திருக்கிறது, அசல் என்ற பெயரால் யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் ஆகிய மூன்று கேள்விகளே பயனுள்ள அளவுகோல்கள்.

பெயர் பற்றிய குறிப்பு

தமிழில் கன்ட்ரி இசையை 'நாட்டுப்புற இசை' என மொழிபெயர்ப்பதுண்டு. இது குழப்பம் தரும். நாட்டுப்புறப் பாடல் என்றால் ஏற்றப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி போன்று ஆசிரியர் பெயரின்றி வாய்வழியாக வழங்கிவருவது என்றே தமிழ் வாசகர் பொருள்கொள்வார். கன்ட்ரி இசைக்கு அத்தகைய வேர்கள் உண்டு. ஆயினும் அது முதல் நாளிலிருந்தே ஒப்பந்தம், பதிப்புரிமை, விளம்பரதாரர் ஆகியவற்றோடு பிறந்த தொழில்துறை இசை. இதன் தலைமைக் கோயிலாகக் கருதப்படும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியைத் தொடங்கிய டபிள்யூ.எஸ்.எம். வானொலி, அன்று ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்னும் பொருள்படும் அந்நிறுவனத்தின் ஆங்கில முழக்கத்தின் முதலெழுத்துகளே வானொலியின் பெயராயின. இக்காரணத்தால் இங்கு 'கன்ட்ரி இசை' என்ற வழக்கே கையாளப்படுகிறது.

அசல் உருவாக்கப்பட்ட விதம்

1923இல் ரால்ஃப் பீர் என்ற பதிவு மேலாளர், ஓகே இசைத்தட்டு நிறுவனத்துக்காக அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் என்ற பிடில் கலைஞரைப் பதிவு செய்தார். கார்சனின் பாட்டு பீருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆனால் தட்டுகள் விற்றுத் தீர்ந்தன. கிராமப்புற வெள்ளையர்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் அப்போது கண்டுகொண்டன. விரைவில் அவர்களுக்கென ஒரு விற்பனைப் பட்டியலும் கறுப்பின மக்களுக்கென வேறொரு பட்டியலும் அச்சாயின. ஊர்த் திருவிழாவிலும் நடன விருந்திலும் இரு இனத்தாரும் வாசித்த மெட்டுகளில் பல ஒன்றே. கோடு முதலில் விழுந்தது விற்பனைப் பட்டியலில். பின்னாளில் அதுவே இசையின் இயல்பான எல்லை என நம்பப்பட்டது.

1927 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டென்னசி–வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் பீர் நடத்திய பதிவுகள் கன்ட்ரி இசையின் பிறப்பு எனப் போற்றப்படுகின்றன. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். ஒரு பாடலுக்கு 50 டாலர் கூலி, அதற்குமேல் விற்பனையில் சிறு பங்கு என்பது ஏற்பாடு. பாடல்களின் பதிப்புரிமை வருவாய் பீரின் முதன்மையான நோக்கம். எனவே கேட்பதற்குப் பழையதாகவும், உரிமை கோருவதற்குப் புதியதாகவும் உள்ள பாடல்களே அவருக்குத் தேவைப்பட்டன.

அத்தகைய பாடல்களைத் தேடி ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் அலைந்தபோது அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். கார்ட்டர் சொற்களைக் குறித்துக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வார். மேபெல் கார்ட்டரின் புகழ்பெற்ற கிதார் வாசிப்பிலும் ரிடிலிடம் கற்றது உண்டு. இசைத்தட்டுகளில் ரிடிலின் பெயர் இல்லை.

கன்ட்ரிக்கே உரியவை எனக் கருதப்படும் ஒலிகளின் பிறப்பிடங்களைப் பார்த்தாலும் இக்கலப்பு தெரியும். பான்ஜோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இசைக்கருவி மரபிலிருந்து வந்தது. அழுகுரலைப் போல வளையும் ஸ்டீல் கிதாரின் மூலம் ஹவாய்த் தீவுகள். பிடில் மெட்டுகள் பல ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியோர் கொண்டுவந்தவை. குரலை உடைத்துப் பாடும் யோடல் முறை ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தது. கற்கள் பதித்து மின்னும் கன்ட்ரி மேடை உடைக்குப் பெயர்போன தையற்கலைஞர் நூடி கோன், கியேவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆப்ரியின் நிகழ்ச்சி இயக்குநர் ஜார்ஜ் ஹே, கோட்டும் டையும் அணிந்து வந்த கலைஞர்களைப் பண்ணையாட்களின் உடையில் படம் எடுக்கச் செய்தார். ஹம்ஃப்ரி பேட் என்ற மருத்துவர் நடத்திய இசைக்குழுவுக்கு, பாசம் என்னும் காட்டு விலங்கை வேட்டையாடுவோர் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன் 1997இல் வெளியிட்ட ஆய்வுநூலில் இந்நிகழ்வுகளை விரிவாகத் தொகுத்து, கன்ட்ரி இசையின் அசல்தன்மையே புனைந்து உருவாக்கப்பட்டது என்று வாதிட்டார். இவ்வாதம் வலுவானது. ஆனால் இதிலிருந்து கன்ட்ரி இசை முழுவதும் போலி என முடிவுகட்டுவது பிழையாகும். மருத்துவர் பேட்டின் உடை வேடம், அவர் வாசித்த மெட்டு வேடமன்று.

மெருகும் கரடும்: மாறிமாறி வந்த போக்குகள்

1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை ஈர்த்துக்கொண்டபோது கன்ட்ரி விற்பனை சரிந்தது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் செட் அட்கின்ஸும் டெக்கா நிறுவனத்தில் ஓவன் பிராட்லியும் இதற்கு ஒரு வழி கண்டனர். பிடிலையும் ஸ்டீல் கிதாரையும் பின்தள்ளி, வயலின் குழுவையும் பின்னணிப் பாடகர் குழுவையும் முன்கொணர்ந்தனர். இது 'நாஷ்வில் சவுண்ட்' எனப்பட்டது. அதன் பொருள் என்னவென்று கேட்டவருக்கு அட்கின்ஸ் சட்டைப்பையிலிருந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள்.

இதற்கு எதிர்வினையாகக் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸ், மெர்ல் ஹாகர்ட் ஆகியோர் மின்கிதாரின் கூர்மையான ஒலியோடு வேறொரு பாணியை வளர்த்தனர். 1930களின் வறட்சியிலும் புழுதிப் புயலிலும் நிலமிழந்து மேற்கே சென்ற குடும்பங்களின் பிள்ளைகளே இந்த இசையின் முதல் கேட்பாளர்கள்.

1970களில் வேலன் ஜென்னிங்ஸ், வில்லி நெல்சன் முதலியோர் 'அவுட்லா' என்று அழைக்கப்பட்டனர். நீண்ட முடியும் தாடியும் இவர்களின் அடையாளமாயின. உண்மையான மாற்றமோ ஒப்பந்தத் தாளில் நடந்தது. எந்த ஸ்டுடியோ, எந்த வாத்தியக்காரர்கள், எந்தப் பாடல்கள் என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையை இவர்கள் கேட்டுப் பெற்றனர். அந்த உரிமையுடன் நெல்சன் 1975இல் உருவாக்கிய 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' தொகுப்பைக் கேட்ட கொலம்பியா நிறுவனத்தினர், இது முடிவுபெறாத மாதிரிப் பதிவோ என ஐயுற்றனர். அவ்வளவு வெறுமையான ஒலி அது. தொகுப்பு பெருவெற்றி பெற்றது.

மறு ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் பெரும்பாலும் ஏற்கெனவே வெளிவந்திருந்த பதிவுகளைத் திரட்டி, பழைய மேற்கத்திய 'தேடப்படும் குற்றவாளி' சுவரொட்டி போன்ற அட்டையுடன் 'வான்டட்! தி அவுட்லாஸ்' என வெளியிட்டது. பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரி தொகுப்பு அதுவே. எதிர்ப்பு விற்பனைச் சின்னமாக மாற ஓராண்டு போதுமானதாக இருந்தது.

பின்னர் 1980இல் 'அர்பன் கவ்பாய்' திரைப்படம் உருவாக்கிய மோகம் மென்மையான பாப் கன்ட்ரியை வளர்த்தது. அதற்கு மறுமொழியாக ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ரிக்கி ஸ்காக்ஸ், ராண்டி ட்ராவிஸ் ஆகியோரின் புதுமரபு அலை எழுந்தது. ட்ராவிஸின் குரல் 'அளவுக்கு மீறிய கன்ட்ரி' என்று நாஷ்வில் நிறுவனங்கள் பலமுறை மறுத்திருந்தன. 1986இல் வெளிவந்த அவரது 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்' தொகுப்பு அக்கணிப்பைப் பொய்யாக்கியது. 1991இல் கடைகளின் உண்மையான விற்பனையைக் கணினி வழி எண்ணும் முறையை பில்போர்டு இதழ் ஏற்றது. அதே ஆண்டில் கார்த் புரூக்ஸின் தொகுப்பு, அனைத்து இசை வகைகளுக்குமான பட்டியலில் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது. மைதான அளவிலான நிகழ்ச்சிகளின் காலம் தொடங்கியது.

இந்த வரலாற்றை 'மெருகு என்றால் போலி, கரடு என்றால் அசல்' என எளிமைப்படுத்துவது ரசிகர்களிடையே வழக்கம். சான்றுகள் அதற்கு இடம் தருவதில்லை. நாஷ்வில் சவுண்டின் சிகரமாகக் கருதப்படும் பேட்ஸி க்ளைனின் 'கிரேஸி' பாடலை எழுதியவர், பிற்காலத்தில் அவுட்லா என்று கொண்டாடப்பட்ட அதே வில்லி நெல்சன். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளான லொரெட்டா லின் தம் வாழ்க்கையை நேராகப் பாடிய பாடல்களைத் தயாரித்தவர், மெருகின் சிற்பியான ஓவன் பிராட்லி. 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றி லின் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அப்பாடலை ஒலிபரப்ப மறுத்தன. உருத்திய விஷயம் அதன் ஒலியில் இல்லை. ஆண்டுக்கொரு பிள்ளை பெற்றுக் களைத்த பெண் தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுப்பதுதான் அவர்களுக்கு உருத்தியது.

டிக்ஸி சிக்ஸ் குழுவின் கதை இதைவிடத் தெளிவானது. 2002இல் அவர்கள் வெளியிட்ட 'ஹோம்' பிடிலும் பான்ஜோவும் நிறைந்த, மரபு சார்ந்த தொகுப்பு. குழுவின் பெண்களே அக்கருவிகளை வாசித்தனர். 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சற்று முன், லண்டன் மேடையில் குழுவின் பாடகி அதிபர் புஷ்ஷைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக அவர்களின் பாடல்கள் கன்ட்ரி வானொலிகளிலிருந்து அகற்றப்பட்டன. கருவிகளே அளவுகோல் என்றால் அவர்களைவிட அசலானவர் அன்று அதிகம் பேர் இல்லை. கருவிகளைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் அங்கு அளக்கப்பட்டது.

ப்ரோ-கன்ட்ரி காலம்

2012 முதல் 2015 வரையிலான பாணியை 'ப்ரோ-கன்ட்ரி' என்பர். இதழாளர் ஜோடி ரோசன் 2013இல் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். பிக்கப் வண்டி, மண்சாலை, குளிர்ந்த பீர், வெட்டிய ஜீன்ஸ் அணிந்த இளம்பெண், வார இறுதி இரவு ஆகியவையே இப்பாடல்களின் உலகம். தாளத்தில் ஹிப்-ஹாப் சாயலும் குரலில் ஆட்டோ-டியூன் திருத்தமும் மிகுதி. ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் இரட்டையரின் 'க்ரூஸ்' இதன் முன்மாதிரி. அப்பாடல் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் நின்று, அதுவரை இருந்த 21 வாரச் சாதனையைக் கடந்தது. அக்காலத்தின் ஆறு வெற்றிப் பாடல்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒலிக்கவிட்டால் ஒரே பாடலாகவே கேட்கின்றன என்று காட்டிய காணொலி ஒன்று 2015 தொடக்கத்தில் இணையத்தில் பரவியது.

இந்நிலைக்குப் பாடகர்களின் ரசனைக் குறைவை மட்டும் காரணமாக்குவது போதாது. 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்களை வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் நிறுவனம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களைத் தன்வசப்படுத்தியது. ஊருக்கு ஊர் வேறுபட்ட பாடல் பட்டியல்கள் மறைந்து, ஓரிடத்தில் தீர்மானிக்கப்பட்ட பட்டியல் எங்கும் ஒலித்தது. 2012 அக்டோபரில் பில்போர்டு தன் கன்ட்ரி பட்டியலின் விதியை மாற்றி, இணைய விற்பனையையும் பிறவகை வானொலிகளின் ஒலிபரப்பையும் கணக்கில் சேர்த்தது. பாப் நிலையங்களிலும் ஓடக்கூடிய கன்ட்ரி பாடலுக்கு அதனால் கூடுதல் ஆதாயம் கிடைத்தது. நான்கைந்து பேர் ஒரே அறையில் அமர்ந்து, வானொலி நிராகரிக்காதபடி பாடல் எழுதும் வழக்கம் இச்சூழலுக்குப் பொருத்தமாக அமைந்தது.

இதன் விலையைப் பெரிதும் கொடுத்தவர்கள் பெண் கலைஞர்கள். 2015 மே மாதத்தில் வானொலி ஆலோசகர் ஒருவர், கன்ட்ரி நிலையங்களைச் சாலட் உணவுக்கு ஒப்பிட்டு, ஆண் பாடகர்கள் அதன் கீரை, பெண்கள் அதில் ஆங்காங்கே இடும் தக்காளி என்று கூறினார். பெண்களின் பாடல்களை அடுத்தடுத்து ஒலிபரப்பக் கூடாது என்பது அவரது தொழில்முறை அறிவுரை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மேடி அண்ட் டே என்ற இளம்பெண் இரட்டையர், ப்ரோ-கன்ட்ரி பாடல்களில் பெண் வெறும் அலங்காரப் பொருளாக வருவதைக் கேலி செய்த பாடலுடன் வானொலிப் பட்டியலின் முதலிடத்தை அடைந்திருந்தனர்.

2013க்குப் பிந்தைய திரும்புதல்

இச்சூழலில்தான் இன்று 'அசலுக்குத் திரும்புதல்' எனப்படும் போக்கு உருவானது. அதன் தொடக்க காலத்தின் மூன்று முக்கியத் தொகுப்புகளைத் தயாரித்தவர் ஒருவரே. ஜேசன் இஸ்பெல்லின் 'சவுத்ஈஸ்டர்ன்' (2013), ஸ்டர்ஜில் சிம்ப்சனின் 'மெட்டாமாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி மியூசிக்' (2014), கிறிஸ் ஸ்டேப்பிள்டனின் 'ட்ராவலர்' (2015) ஆகியவற்றை டேவ் காப் தயாரித்தார். கலைஞர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கச் செய்து, சிறு பிழைகளையும் மூச்சொலியையும் அழிக்காமல் விடுவது அவரது முறை.

இஸ்பெல் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டபின் எழுதிய பாடல்கள் 'சவுத்ஈஸ்டர்ன்' தொகுப்பில் உள்ளன. அவற்றுள் ஒன்று, புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் தோழியுடன் மதுக்கூடத்தில் பொழுது கழிக்கும் ஒருவனைப் பற்றியது. நோயைப் பற்றிப் பேசாமலிருக்க இருவரும் படும் பாடே பாடலின் உள்ளடக்கம். ப்ரோ-கன்ட்ரியிலும் மதுக்கூடம் வந்தது. அங்கு அது எந்த ஊரின் எந்த மதுக்கூடமாகவும் இருக்கலாம். இங்கே அதில் இரண்டு குறிப்பிட்ட மனிதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். இத்திரும்புதலின் முதன்மையான சாதனை இந்தக் குறிப்பான தன்மையே. பழைய கருவிகள் மீண்டதை அதற்கு அடுத்ததாகவே கொள்ளவேண்டும்.

2015 நவம்பர் 4 அன்று கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழாவில் ஸ்டேப்பிள்டன், பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் இணைந்து பாடினார். சிறந்த தொகுப்பு, சிறந்த ஆண் பாடகர், சிறந்த புதுக் கலைஞர் ஆகிய மூன்று விருதுகளும் அன்று அவருக்குக் கிடைத்தன. ஆறு மாதம் முன்பு வெளிவந்து பெரிதாகக் கவனிக்கப்படாத 'ட்ராவலர்' உடனே அனைத்திசைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. வெளியிலிருந்து வந்த ஒரு கலகக்காரர் நாஷ்விலை வென்றதாக இந்நிகழ்வு எழுதப்பட்டது. உண்மையில் ஸ்டேப்பிள்டன் பல ஆண்டுகள் நாஷ்வில் பதிப்பகத்துக்காகப் பாடல் எழுதியவர். கென்னி செஸ்னி, ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், ப்ரோ-கன்ட்ரியின் முன்னணிப் பாடகர் லூக் பிரையன் ஆகியோருக்கு வெற்றிப் பாடல்கள் தந்தவர். 'ட்ராவலர்' பதிவான ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ ஏ, 1960களில் நாஷ்வில் சவுண்டின் தேவைக்காகக் கட்டப்பட்ட கூடம். அவரது குரலிலும் மலைப்பாட்டைவிடக் கறுப்பினச் சோல் இசையின் தாக்கமே மிகுதி.

சிம்ப்சனின் தொகுப்புத் தலைப்பும் இதே உண்மையைச் சொல்கிறது. 1962இல் கறுப்பின மேதை ரே சார்ல்ஸ், கன்ட்ரி பாடல்களைப் பெரும் வாத்தியக் குழுவுடன் பாடி வெளியிட்ட 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' தொகுப்பின் பெயரையே அவர் திருத்திச் சூடினார். அவரது அடுத்த தொகுப்பில் சோல் பாணிக் குழல்வாத்தியங்கள் ஒலித்தன. அது 2017இல் சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ஆயினும் அதே ஆண்டு நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விழா உள்ளே நடக்க, அவர் வெளியே தெருவில் கிதார் பெட்டியைத் திறந்து வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். கிராமிச் சிலையும் பெட்டிக்குள் இருந்தது. 2019இல் ராக், அடுத்த ஆண்டு புளூகிராஸ் என அவர் மாறிக்கொண்டே இருந்தார். அசலின் காவலர் என ரசிகர்கள் ஏற்றுக்கொண்டவர் அப்பதவியை ஏற்க மறுத்தார் எனலாம்.

சிம்ப்சன் இணைந்து தயாரித்த 'பர்கேட்டரி' (2017) மூலம் அறியப்பட்ட டைலர் சில்டர்ஸ் இதே கிழக்குக் கென்டக்கிப் பகுதியைச் சேர்ந்தவர். 2020இல் அவர் வெளியிட்ட 'லாங் வயலன்ட் ஹிஸ்டரி' தொகுப்பு பெரும்பாலும் குரலற்ற பழைய பிடில் மெட்டுகளால் ஆனது. கடைசியில் மட்டும் ஒரு பாடல் வருகிறது. கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையைத் தம் மலைநாட்டு வெள்ளையருக்கு அவர்களின் சொந்த அனுபவத்தின் வழியே எடுத்துச் சொல்லும் பாடல் அது. 2023இல் வெளியான அவரது மற்றொரு பாடலின் காணொலி, இரு ஆண் சுரங்கத் தொழிலாளர்களின் காதலைச் சித்திரித்தது. மரபின் ஆழத்தில் நின்றபடியே அதன் வாசலை அகலப்படுத்த முடியும் என்பதற்கு இவை சான்று.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

அசல் என்ற சொல்லின் இருண்ட பக்கம் இங்கேதான் தெரிகிறது. 1927இல் ஒரு வானொலி இரவில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயரை ஹே அறிவித்தபோது, ரயிலோட்டத்தை மவுத் ஆர்கனில் வாசித்துக் காட்டியவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர் அவர். 1941இல் பாடல் உரிமத் தகராறு ஒன்றின் போது நீக்கப்பட்டு, நாஷ்விலில் காலணி மெருகிடும் கடை நடத்தி வாழ்ந்தார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005இல், இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்.

1966இல் சார்லி பிரைடின் முதல் தட்டுகளை ஆர்.சி.ஏ. நிறுவனம் அவரது புகைப்படமின்றி வெளியிட்டது. 1969இல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணான லிண்டா மார்ட்டெலின் பதிவு நிறுவனத்துக்கு 'பிளான்டேஷன்', அதாவது 'தோட்டம்' என்று பெயர். அடிமை முறையின் நினைவைத் தாங்கிய அப்பெயரின் கீழேதான் அவர் பாட வேண்டியிருந்தது. ஒரே ஒரு தொகுப்புடன் அவரது கன்ட்ரி வாழ்க்கை முடிந்தது.

இவை பழங்கதைகள் அல்ல. 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாடலை, இன்றைய கன்ட்ரி இசையின் கூறுகள் போதிய அளவில் இல்லை என்ற காரணம் காட்டி பில்போர்டு கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. ஹிப்-ஹாப் தாளத்தைக் கடன்வாங்கிய வெள்ளை இளைஞர்களின் பாடல்கள் அப்பட்டியலில் ஆண்டுக்கணக்கில் முதலிடம் வகித்தபோது இக்கேள்வி எழவில்லை. பின்னர் பில்லி ரே சைரஸ் இணைந்த வடிவத்துடன் அப்பாடல் பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்றது.

2024இல் பியான்ஸே 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்பை வெளியிட்டார். அதன் 'டெக்சஸ் ஹோல்டெம்' பாடல், கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்ற இடத்தை அவருக்குத் தந்தது. பாடலின் தொடக்கத்தில் பான்ஜோ வாசித்தவர் ரியானன் கிடன்ஸ். வட கரோலினாவின் முதிய கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனிடம் நேரில் கற்றவர் அவர். மரபுக்குத் திரும்புதல் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியுடைய ஒருவரை இக்காலத்தில் காட்டவேண்டுமானால் கிடன்ஸைக் காட்டலாம். எனினும் அசலுக்குத் திரும்பியோர் பட்டியல்களில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது. 'கவ்பாய் கார்ட்டர்' தொகுப்புக்குக் கன்ட்ரி இசைச் சங்கம் ஒரு பரிந்துரையும் தரவில்லை. 2025இன் கிராமி விழாவில் அது சிறந்த கன்ட்ரி தொகுப்பு, ஆண்டின் சிறந்த தொகுப்பு ஆகிய இரு விருதுகளையும் வென்றது. சில மாதங்களில் கிராமி அமைப்பு கன்ட்ரி தொகுப்பு விருதை 'மரபு', 'சமகாலம்' என இரண்டாகப் பிரித்தது. கூடுதல் கலைஞர்களுக்கு இடம் தரும் ஏற்பாடாக இது அமையலாம். 1920களின் விற்பனைப் பட்டியலில் விழுந்த கோட்டை வேறு பெயரில் மீண்டும் வரைவதாகவும் ஆகலாம். 'மரபு' என்ற பிரிவில் யாருடைய மரபு ஏற்கப்படுகிறது என்பதே இதைத் தீர்மானிக்கும்.

இணையம் காட்டும் அசல்

வானொலியின் பிடி தளர்ந்தபின் வெறும் கைப்பேசியும் கிதாரும் போதும் என்ற நிலை வந்தது. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஜாக் பிரையன், 2019இல் தாமே பதிவேற்றிய காணொலிகளின் மூலம் புகழடைந்தார். 2022இல் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக 34 பாடல்கள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். தேர்ந்து குறைப்பதே தொழிலின் வழக்கமாக இருக்க, எதையும் வெட்டாமல் கொட்டியது அவரது துணிவு. அதுவே அவரது பலவீனமும்கூட. நல்ல பாடல்கள் அரைகுறைப் பாடல்களுக்கு நடுவே மறைந்துபோகின்றன. மெருகின்மை தன்னளவில் ஒரு நற்பண்பு ஆகாது.

2023 ஆகஸ்டில் ஆலிவர் ஆன்டனி என்ற வர்ஜீனியா இளைஞர், காட்டோரம் நின்று பாடிய பாடல் சில நாட்களில் பொதுப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. முன்பு எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒருவர் இவ்வாறு நுழைந்தது அதுவே முதல் முறை. சில வாரங்களில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் விவாத மேடையில் அப்பாடல் ஒலிக்கவிடப்பட்டது. மேடையில் நிற்கும் அவர்களைப் பற்றியும்தான் அதை எழுதினேன் என்று ஆன்டனி மறுமொழி தந்தார். பாடலின் கோபம் உண்மையானது. ஆயினும் அரசு உதவி பெறும் ஏழைகளையும் அக்கோபம் தாக்குகிறது. உழைப்பாளியின் குரல் அசலாக ஒலிக்கும்போதே அது தன்னைவிட எளியவரை நோக்கித் திரும்பிவிடக்கூடும் என்பதை இப்பாடல் காட்டுகிறது. உண்மையாக உணர்ந்து பாடப்பட்டது என்பதாலேயே ஒரு பாடல் விமர்சனத்திலிருந்து விலக்குப் பெறாது.

மதிப்பீடு

கடந்த பத்தாண்டுகளின் திரும்புதல் கன்ட்ரி இசைக்கு நன்மை செய்திருக்கிறது. பாடல்களில் ஊர்ப் பெயரும் தொழிலும் நோயும் கடனும் வயதும் மீண்டும் இடம்பெறுகின்றன. வானொலியின் தயவின்றி ஒரு கலைஞர் வாழ முடிகிறது. கலைஞரே தம் பதிவை முடிவு செய்யும் உரிமை, அவுட்லாக்கள் போராடிப் பெற்றதைவிட இன்று பரவலாகியுள்ளது.

அதே வேளையில் இது ஒரு புதிய சீருடையாக மாறும் அறிகுறிகளும் தெரிகின்றன. தாடி, பழைய தொப்பி, மங்கலான ஒளியில் மரப்பலகைச் சுவர், வேண்டுமென்றே கரகரப்பாக்கிய குரல் ஆகியவை இன்று ஹேயின் பண்ணையுடை செய்த வேலையைச் செய்கின்றன. தோற்றமும் பிறந்த ஊரும் அளவுகோலானால் இந்த இசையில் பாதியைக் கழித்துவிட நேரும். 1990களின் கன்ட்ரியை அச்சு அசலாக ஒலிக்கச்செய்து புகழ்பெற்ற ஜாக் டாப் வாஷிங்டன் மாநிலத்துக்காரர், மாட்டுப் பண்ணைப் பாடல்களின் இன்றைய முதன்மைக் குரலான கோல்டர் வால் கனடா நாட்டவர்.

2023இல் லூக் கோம்ப்ஸ், ட்ரேசி சாப்மனின் 1988ஆம் ஆண்டுப் பாடலான 'ஃபாஸ்ட் கார்' பாடலைச் சொல் மாற்றாமல் பாடினார். வறுமையிலிருந்து தப்ப நினைக்கும் ஒரு பெண்ணின் கதை அது. கன்ட்ரி வானொலி அதை முதலிடத்துக்கு உயர்த்தியது. எழுதி 35 ஆண்டுகளுக்குப் பின் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதைச் சாப்மன் பெற்றார். கறுப்பினப் பாடலாசிரியர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. பாடல் மாறவில்லை, பாடியவர் மாறியதும் அது கன்ட்ரியாக ஏற்கப்பட்டது. கடைக்கூலி வேலை, குடிகார அப்பா, ஓடிப்போகும் கனவு ஆகியவற்றைப் பாடிய அப்பாடலில் கன்ட்ரி இசை தன்னுடையதெனச் சொல்லும் அத்தனையும் 1988இலேயே இருந்தன. அன்று அதை அடையாளம் காணத் தவறிய காதுகள் இன்றும் எதையெல்லாம் தவறவிடுகின்றன என்று கேட்டுப் பார்ப்பதே, அசலுக்குத் திரும்புவதாகச் சொல்லும் இசைக்கும் அதன் விமர்சகருக்கும் முதற்கடமை.